கீழ் வரிசையில அக்கா குரல்

எங்க மாடிப்படிக்கு நேர் கீழ ஒரு வாஷிங் மெஷின் ரிப்பேர் கடை இருக்கு. கடைக்கு போர்டு உண்டு, ஆனா யாரும் அதைப் படிக்கிறதில்ல. தெருவுல எல்லாருக்கும் அது ட்ரம் அக்கா கடை. எந்த மெஷின் வந்தாலும் அக்கா பட்டனைத் தொட மாட்டாங்க. மூடியைத் தூக்கி, ட்ரம்மைக் கையால ஒரு சுத்து சுத்திவிட்டு, தலையைச் சாய்ச்சுக் கேப்பாங்க. கேட்டுட்டு பட்டுன்னு சொல்லிடுவாங்க. "பேரிங் போச்சு." "உள்ள காசு சிக்கியிருக்கு." ஒரு தடவை ஒரு அம்மாகிட்ட, "உங்க வீட்டுக்காரரு பையில ஸ்க்ரூவோட சட்டையை மெஷின்ல போடறாரு. மெஷின் நல்லாத்தான் இருக்கு, அவரைக் கொண்டாங்க பாக்கலாம்"னாங்க. அந்தம்மா சிரிச்ச சிரிப்பு மாடி வரைக்கும் கேட்டுச்சு.

அக்காவுக்கு நாப்பத்தி மூணு வயசு. கல்யாணம் பண்ணிக்கல, அதுக்காக யார்கிட்டயும் வருத்தப்பட்டதும் இல்ல. மொதல்ல ஒரு சர்வீஸ் சென்டர்ல போன் எடுக்கிற வேலைக்குத்தான் போனாங்களாம். ஜனங்க போன்ல "டொக் டொக்குன்னு சத்தம் வருது"ன்னா, இவங்க "சுத்தும்போதா, நிக்கும்போதா?"ன்னு கேட்டு, என்ன கெட்டுப்போச்சுன்னு சீட்டுல எழுதிக் குடுத்துடுவாங்களாம். மெக்கானிக்குங்க போய் பாத்தா சீட்டுல இருக்கிறதுதான் இருக்கும். கடைசியில ஒரு பெரிய மெக்கானிக், "நாங்க எதுக்குத் தெண்டத்துக்குப் போறோம், நீயே ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கிட்டுப் போம்மா"ன்னாராம். போயிட்டாங்க. இருவது வருஷம் ஆச்சு.

போன வருஷம் முட்டி போச்சு. மூணாவது மாடியிலேர்ந்து ஒரு மெஷினைக் கீழ எறக்கும்போது சளுக்குன்னுச்சு, அவ்வளவுதான். டாக்டர் சொன்னாரு, "மெஷினா முட்டியா, ரெண்டுல ஒண்ணு முடிவு பண்ணிக்கோங்க." அக்கா வெளிய சிரிச்சாங்க. ஆனா அதுக்கப்புறம் படி ஏறும்போதெல்லாம் கைப்பிடியைப் பிடிச்சுக்கிட்டு ஒரு நிமிஷம் நின்னு யோசிப்பாங்க, நானே பாத்திருக்கேன்.

அந்த நேரத்துலதான் தொழில் பயிற்சி நிலையத்துல ஆள் எடுக்கிறாங்கன்னு தெரிஞ்சுது. வீட்டு மெஷின் ரிப்பேர் சொல்லிக் குடுக்கிற வாத்தியார் வேலை. படிப்பு சர்டிபிகேட் எதுவும் வேணாம், அஞ்சு நிமிஷ வீடியோ அனுப்பணும். ஒரு வேலையைச் செஞ்சுக்கிட்டே வெளக்கணும், பேசறது உங்க குரலா இருக்கணும். மாசக் கடைசி வெள்ளிக்கிழமைக்குள்ள போய்ச் சேரணும். அக்கா அந்த நோட்டீஸை மடிச்சு சர்வீஸ் நோட்டுக்குள்ள வச்சுக்கிட்டாங்க. அவங்க மொகத்துல அப்படி ஒரு ஆசையை நான் அதுக்கு முன்னாடி பாத்ததில்ல. உக்காந்த எடத்துலயே மெஷினைத் தொட்டுக்கிட்டு வாழலாம்ங்கிற ஆசை.

வீடியோவுக்குக் கவலையே இல்லன்னுதான் நெனச்சாங்க. ஏன்னா தம்பி இருக்கான்.

தம்பி அவங்களவிட ஏழு வயசு சின்னவரு. தெருவுல அவருக்கு டைரக்டர்னு பேரு. எந்த வேலையிலயும் ஆறு மாசம் தாண்டினதில்ல, ஆனா கையில எப்பவும் ஒரு கேமரா. ரெண்டு வருஷமா ஞாயித்துக்கிழமை காலையில கடையோட பின் ரூம்ல அக்காவை வச்சு வீடியோ எடுப்பாரு. அக்கா மெஷினைப் பிரிச்சுக்கிட்டே பேசுவாங்க, டைரக்டர் கேமராவைக் கை மேலயே வச்சிருப்பாரு. அப்புறம் அதே ரூம்ல இருக்கிற கம்ப்யூட்டர்ல வெட்டி ஒட்டி 'நம்ம சேனல்'ல போடுவாரு. எரநூறு பேரு பாப்பாங்க. அக்காவுக்கு அதுவே பெருசு.

ரெண்டு விஷயத்துல மட்டும் டைரக்டர் கண்டிப்பா இருப்பாரு. ஒண்ணு, அக்கா முழுக்கை கோட்டும் கருப்புக் கையுறையும் போட்டுக்கணும். அக்காவுக்குக் கையுறைன்னாலே ஆகாது. ட்ரம்முக்குப் பின்னாடி கண்ணுக்குத் தெரியாத க்ளிப்பையெல்லாம் வெரல் நுனியாலதான் பாக்கணும்பாங்க. ஆனா மொத ஞாயித்துக்கிழமையே டைரக்டர் புதுக் கையுறையோட வந்து நின்னாரு. "பாக்கறவங்களுக்கு ஒரு மரியாதை வரும்க்கா"ன்னாரு. இன்னொண்ணு, மொகம் வரக்கூடாது.

"ஏன்டா, என் மூஞ்சிக்கு என்ன?"

"அய்யோ, உன் மூஞ்சியைக் காட்டினா எவன்க்கா மெஷினைப் பாப்பான்?"

அக்கா வெக்கப்பட்டுச் சிரிச்சாங்களாம். இதை என்கிட்ட சொல்லும்போது சிரிக்கல.

நோட்டீஸ் வந்ததும் அக்கா டைரக்டர்கிட்ட சொன்னாங்க. "பண்ணிடலாம்க்கா"ன்னாரு. அடுத்த வாரமும் "பண்ணிடலாம்க்கா". மூணாவது வாரம், கடைசித் தேதிக்கு அஞ்சு நாள் இருக்கும்போது, பொண்டாட்டியைக் கூட்டிக்கிட்டு மாமியார் வீட்டுக்குப் போயிட்டாரு. "வியாழக்கெழமை வந்துடுவேன். வந்ததும் ஒரு மணி நேர வேலைக்கா, சும்மா டென்ஷன் ஆகாத."

அக்கா டென்ஷன் ஆகல. திங்கக்கிழமை மத்தியானம் ஷட்டரைப் பாதி எறக்கிவிட்டுட்டு கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்தாங்க. பேரிங்கே மாத்தறோம், இது என்ன பிரமாதம்னு.

அந்த எடிட்டிங் சாஃப்ட்வேரைத் தொறந்ததும் தலையும் புரியல, வாலும் புரியலயாம். நாலு ஜன்னல், நூறு பட்டன். அக்கா எதையும் அமுக்கல. தெரியாத மாடல் மெஷின் வந்தா என்ன செய்வாங்களோ அதையே செஞ்சாங்க. தண்ணி எங்க உள்ள வருது, எங்க வெளிய போகுது, அதை மட்டும் மொதல்ல கண்டுபிடிக்கணும். ஒரு மணி நேரம் தேடி, இம்போர்ட்னு இருக்கிறது உள்ள வர்ற குழாய், எக்ஸ்போர்ட்னு இருக்கிறது வெளிய போற குழாய்னு கண்டுபிடிச்சாங்க. பழைய பில்லு பின்பக்கத்துல படம் போட்டு வச்சுக்கிட்டாங்க. நடுவுல நீளமா இருக்கே டைம்லைன், அதுக்கு அவங்க வச்ச பேரு கொடி. துணி காயப்போடற கொடி. "வீடியோ துண்டையெல்லாம் வரிசையா காயப்போட்டிருக்காண்டி. எது மொதல்ல தொங்குதோ அது மொதல்ல ஓடும்."

செவ்வாய்க்கிழமை நான் கீழ போனப்ப கம்ப்யூட்டர் பொட்டியோட பக்கவாட்டுல தட்டிக்கிட்டு இருந்தாங்க.

"என்னக்கா ஆச்சு?"

"ஹேங் ஆயிடுச்சு. துண்டு நகரவே மாட்டேங்குது. பிளக்கு கூட சரியாத்தான் இருக்கு."

எட்டிப் பாத்தா, அந்த வரிசையில ஒரு குட்டிப் பூட்டுப் படம். எப்பவோ தெரியாம அமுக்கியிருக்காங்க. "அக்கா, பூட்டியிருக்குக்கா."

"கதவைப் பூட்டிட்டு மெஷினை அடிச்சுக்கிட்டு இருந்திருக்கேன்"னு அவங்களே தலையில தட்டிக்கிட்டாங்க. அப்புறம் ஒரு துண்டை இழுக்க, சத்தம் ஒரு பக்கமும் படம் ஒரு பக்கமும் போச்சு. சுத்தியல் பம்பு மேல விழுது, சத்தமே இல்ல. கை துணியை எடுத்துத் தொடைக்குது, அப்ப 'டங்'குங்குது. ரெண்டு பேரும் வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சோம். சாயங்காலத்துக்குள்ள பிளேடு மாதிரி இருக்கிற பட்டனை வச்சு துண்டை வெட்டக் கத்துக்கிட்டாங்க. தப்பா வெட்டினா திரும்பக் கொண்டுவரவும் தெரிஞ்சுபோச்சு. "நாளைக்கு முடிச்சிடுவேன்டி. அவன் வந்து பாத்து வாயைப் பொளக்கட்டும்"னாங்க. அவ்வளவு சந்தோஷமா இருந்தாங்க.

புதன்கிழமை நான் வர்றதுக்கு முன்னாடி நடந்ததை அவங்க சொல்லித்தான் தெரியும். ஒரே மூச்சுல சொல்லல, ரெண்டு நாள் விட்டு விட்டுச் சொன்னாங்க.

தண்ணி வெளிய போகாத மெஷினைச் சரி பண்ற வீடியோ ஒண்ணு, போன மாசம் எடுத்தது, அதைத்தான் அக்கா தேடிக்கிட்டு இருந்தாங்க. அஞ்சு நிமிஷத்துக்கு அதுதான் சரியா வரும். தேடும்போது ஒரு பேரு கண்ணுல பட்டுச்சு. 'பயிற்சி நிலையம் கடைசி'. தேதி பாத்தா போன சனிக்கிழமை.

அக்காவுக்கு மொதல்ல என்ன தோணுச்சு தெரியுமா? டேய், எனக்குத் தெரியாம செஞ்சு வச்சிருக்கியாடான்னு தோணுச்சாம். கண்ணு கலங்கிடுச்சாம். பொண்டாட்டியோட கெளம்பற அவசரத்துலயும் செஞ்சுட்டு, சொல்லாமப் போயிருக்கான் பாருன்னு.

தொறந்து ஓடவிட்டாங்க.

மொதல்ல டைரக்டர் மொகம் வந்துச்சு. அக்காவோட கோட்டைப் போட்டுக்கிட்டு, அக்காவோட ஸ்க்ரூ டிரைவரைக் கையில வச்சுக்கிட்டு, அக்கா கடையோட பின் ரூம்ல நின்னுக்கிட்டு சிரிச்சாரு. "வணக்கம். நான் இருவது வருஷமா வாஷிங் மெஷின் பாத்துக்கிட்டு இருக்கேன்."

அப்புறம் படம் மாறிச்சு. கருப்புக் கையுறை போட்ட ரெண்டு கை, அக்கா தேடிக்கிட்டு இருந்த அதே தண்ணி போகாத மெஷின் மேல. அக்கா கை. பின்னாடி டைரக்டர் குரல், ரேடியோவுல பேசற மாதிரி மெதுவா, அழகா. "மொதல்ல பிளக்கைப் புடுங்குங்க. புடுங்கிட்டீங்களா? நான் நம்ப மாட்டேன், திரும்பப் போய்ப் பாருங்க." அது அக்கா ஒவ்வொரு வீடியோவுலயும் சொல்ற ஜோக். சொல்லிட்டு அவங்க ஒரு சின்ன செருமல் செருமுவாங்க. அந்தச் செருமலைக்கூட விடாம போட்டிருந்தாரு.

அக்கா நிறுத்திட்டாங்க. நிறுத்திட்டுக் கொடியைப் பாத்தாங்க. ரெண்டு நாளா கத்துக்கிட்டது அப்பத்தான் வேலை செஞ்சுது. படத்துக்குக் கீழ சத்தத்துக்குன்னு ரெண்டு வரிசை. மேல் வரிசையில டைரக்டர் குரல். கீழ் வரிசை மங்கலா இருந்துச்சு, பக்கத்துல ஊமையாக்கற பட்டன் அமுங்கியிருந்துச்சு. அக்கா அதை விடுவிச்சாங்க.

ரெண்டு குரலும் ஒண்ணா வந்துச்சாம். கீழ அக்கா, கரகரன்னு, மூச்சு வாங்கிக்கிட்டு. அதுக்கு மேலயே தம்பி, அதே வார்த்தை, அதே எடத்துல நிறுத்தம். அவங்க பேசப் பேச அவரு அப்படியே ஒப்பிச்சு மேல பூசி வச்சிருந்தாரு. "பள்ளிக்கூடத்துல பாட்டு சொல்லிக் குடுத்தா பின்னாடியே பாடுவோமே, அந்த மாதிரி இருந்துச்சுடி. ஆனா சொல்லிக் குடுக்கிறவங்க வாயை மட்டும் பொத்தி வச்சிருக்கு"ன்னாங்க.

அதோட விட்டிருக்கலாம். விடல. ஒவ்வொரு வீடியோவா தொறந்தாங்க. எல்லாத்துலயும் ரெண்டு கொடி. ஒண்ணு 'அக்கா'ன்னு பேரு போட்டது, எரநூறு பேரு பாக்கறது. இன்னொண்ணு 'மெயின்'னு பேரு போட்டது. அதே கை, தம்பி குரல். அந்த மெயின் எங்க போகுதுன்னு என்னைக் கேட்டாங்க. நான் போன்ல தேடிக் குடுத்தேன். டைரக்டர் பேருல தனியா ஒரு சேனல். நாப்பதாயிரம் பேரு பாக்கறாங்க. கீழ கமெண்ட்ல ஒருத்தர், 'கை பேசுது சார்'னு எழுதியிருக்காரு. டைரக்டர் நன்றின்னு பதில் போட்டு ஒரு கும்புடற படமும் போட்டிருக்காரு.

அக்கா அதைப் பாத்துட்டு போனை என்கிட்ட திருப்பிக் குடுத்தாங்க. "ரெண்டு மாசம் முன்னாடி ஒருத்தரு வந்து, இந்தக் கடையில ஒரு சார் இருப்பாரே, அவரு இல்லையான்னு கேட்டாரு. வேற கடைன்னு நெனச்சு வழி சொல்லி அனுப்பிச்சுட்டேன்"னாங்க.

அன்னைக்கு சாயங்காலம் தம்பி பொண்டாட்டிக்கு போன் பண்ணாங்க. தம்பிக்குப் பண்ணல. நான் பக்கத்துலதான் இருந்தேன்.

"என்னம்மா, ஊரெல்லாம் நல்லா இருக்கா?"

"நல்லா இருக்கு அண்ணி. சாப்பிட்டீங்களா?"

"ஆச்சு. ஒண்ணு கேக்கணும். டைரக்டர் பயிற்சி நிலையத்துக்கு ஏதாச்சும் அனுப்பிச்சானா?"

அந்தப் பக்கம் ஒரு குழந்தை அழுத சத்தம், யாரோ கதவைச் சாத்தின சத்தம். அப்புறம், "நான் சொன்னேன் அண்ணி. அண்ணிகிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுப் பண்ணுங்கன்னு சொன்னேன். என் பேச்சை எங்க கேக்கறாரு."

"ஓ, உனக்குத் தெரியும்."

"அண்ணி, அவரும் எத்தனை நாளைக்கு இப்படியே சுத்துவாரு? நீங்க கடை வச்சிருக்கீங்க. உங்களுக்கு என்ன கொறை?"

அக்கா "சரிம்மா, குழந்தையைப் பாரு"ன்னு வச்சிட்டாங்க.

சண்டைக்குப் போகல. திரும்பக் கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்தாங்க. அந்தத் தண்ணி போகாத மெஷின் வீடியோவைத் தன் குரலோட தானே வெட்டினாங்க. ஒண்ணரை மணி நேரம். பிளேடு தப்பு எடத்துல விழுந்துச்சாம், திரும்பத் திரும்ப வெட்டினாங்க. முடிச்சதும் எக்ஸ்போர்ட் பண்ணாம, சேவ்னு அமுக்கி, அந்தக் கோப்பைப் பென்டிரைவ்ல போட்டு சட்டைப்பையில வச்சுக்கிட்டாங்க. காலையில ஒரு தடவை நிதானமா பாத்துட்டு அனுப்பலாம்னு.

வியாழக்கிழமை காலையில கடையைத் தொறந்தா பின் ரூம் மேசை மேல கம்ப்யூட்டர் இல்ல. தூசியில சதுரமா ஒரு தடம் மட்டும் இருந்துச்சு. பொண்டாட்டி சொல்லியிருக்கணும், டைரக்டர் விடியறதுக்குள்ள வந்து, தன்கிட்ட இருக்கிற சாவியால தொறந்து, எடுத்துட்டுப் போயிருக்காரு. அக்கா போனுக்கு மெசேஜ்: 'சர்வீஸுக்குக் குடுத்திருக்கேன்க்கா.'

"பரவாயில்ல, என்கிட்ட இருக்கு"ன்னு பையைத் தட்டிக் காட்டினாங்க அக்கா. மாடி ஏறி என் ரூமுக்கு வந்தாங்க. முட்டியைப் பிடிச்சுக்கிட்டு ஒவ்வொரு படியா. அதே சாஃப்ட்வேரை என் லேப்டாப்ல ஏத்தினோம். பென்டிரைவைப் போட்டுக் கோப்பைத் தொறந்தோம்.

எல்லாம் செவப்பு.

கொடி இருந்துச்சு. அக்கா வெட்டின ஒவ்வொரு வெட்டும் அந்தந்த எடத்துல இருந்துச்சு. ஆனா துண்டுங்க எல்லாம் செவப்புக் கட்டமா தொங்குது, உள்ள படம் இல்ல, சத்தம் இல்ல. 'கோப்பு காணவில்லை'ன்னு ஒவ்வொண்ணுலயும். எனக்கும் அப்பத்தான் வெளங்கிச்சு. அந்தக் கோப்புல வீடியோ இருக்காது. எந்த வீடியோ எங்க இருக்கு, எங்க வெட்டணும்ங்கிற குறிப்பு மட்டும்தான். வீடியோ முழுக்க அந்தக் கம்ப்யூட்டர்லயே கெடக்கு. தெரிஞ்சவங்க எக்ஸ்போர்ட் பண்ணியிருப்பாங்க. அக்கா ரெண்டு நாள்தானே ஆச்சு கத்துக்கிட்டு.

நான் சொன்னேன். அக்கா திரையையே பாத்துக்கிட்டு இருந்தாங்க.

"பாடி மட்டும் இருக்கு. ட்ரம்மைக் கழட்டிட்டுப் போயிட்டான்"னாங்க. அப்பத்தான் அழுதாங்க. சத்தமே இல்லாம, மூக்கைப் புறங்கையால தொடைச்சுக்கிட்டு. எனக்கு என்ன பண்றதுன்னு தெரியாம தண்ணி கொண்டாந்து குடுத்தேன், அதையும் கையில வச்சுக்கிட்டே இருந்தாங்க.

வெள்ளிக்கிழமை மத்தியானம், கடைசி நாள், அக்கா ஒரு சோப்புத்தூள் டப்பா மேல போனைச் சாச்சு வச்சாங்க. கோட்டு இல்ல, கையுறை இல்ல. மொகம் முழுசா தெரிஞ்சுது. அதே தண்ணி போகாத மெஷின் வேலை. நடுவுல ஒரு வாடிக்கையாளர் வந்து, "அக்கா, என் மெஷின் என்னாச்சு?"ன்னு கத்தினாரு, இவங்களும் பழக்கத்துல, "நாளைக்கு வாங்க"ன்னு கத்தினாங்க. அந்த எடத்தை மட்டும் என் லேப்டாப்ல அக்காவே வெட்டினாங்க. ஒரே ஒரு வெட்டு. அந்த எடத்துல படம் லேசா குதிக்கும், பாத்தா தெரியும். இந்தத் தடவை எக்ஸ்போர்ட் பண்ணி, தனியா ஓடவிட்டுப் பாத்து, நாலே கால் மணிக்கு அனுப்பினோம்.

திங்கக்கிழமை பயிற்சி நிலையத்துலேர்ந்து போன். அலுவலர் ஒருத்தர். அக்கா ஸ்பீக்கர்ல போட்டாங்க, கையில கிரீஸ் இருந்துச்சு.

"மேடம், உங்க வீடியோ பாத்தோம். ஒரு சின்ன சிக்கல். இதே பேச்சு வார்த்தைக்கு வார்த்தை வேற ஒருத்தரும் அனுப்பியிருக்காரு. அந்த பிளக் ஜோக் உட்பட. அவரோடது முன்னாடியே வந்துடுச்சு. பாக்கறவங்களுக்கு நீங்க அவரைப் பாத்துச் செஞ்ச மாதிரிதான் இருக்கு."

அக்கா ஸ்பேனரைக் கீழ வச்சாங்க.

"அவரு உங்களுக்குத் தெரிஞ்சவரா?"

"தம்பி."

"ஓ. அப்ப அவரோட வீடியோவுல இருக்கிறது யாரு கை மேடம்?"

தம்பி கைன்னு சொன்னா வேலை அவருக்கு. இல்லன்னு சொன்னா அவரு பொய்யருன்னு ஊருக்கே சொன்ன மாதிரி. அக்கா கிரீஸ் கையைத் துணியில தொடைச்சாங்க, ஒவ்வொரு வெரலா, எல்லா வெரலும் முடியற வரைக்கும்.

"என் கை சார்."

அலுவலர், "ரெண்டு பேரும் புதன்கிழமை நேர்ல வந்துடுங்க. மெஷின் இங்கயே இருக்கு"ன்னாரு.

செவ்வாய்க்கிழமை காலையில டைரக்டர் வந்தாரு. நான் வேலைக்குக் கெளம்பி எறங்கிக்கிட்டு இருந்தேன். மேல போகவும் முடியல, கீழ போகவும் முடியல, படியிலயே நின்னுட்டேன்.

"என்னைக் காட்டிக் குடுத்துட்டல்ல"ன்னாரு மொத வார்த்தையா.

அக்கா ஸ்டூலைத் தள்ளிவிட்டாங்க. "உக்காரு."

"உக்கார வரல. போன்ல கேட்டா, என்கிட்ட கேட்டுட்டு சொல்றேன்னு சொல்லியிருக்கலாம். சொந்த அக்கா. வெளியாளு மாதிரி சொல்லிட்ட."

"நீ என்கிட்ட கேட்டியாடா?"

"நான் யாருக்காகப் பண்ணேன்? எனக்குக் கெடச்சா உன்னை விட்டுட்டா போயிடுவேன்? உள்ள ஹெல்பர் வேலை ஒண்ணு இருக்கு. உன்னைச் சேத்துவிட்டிருப்பேன். உக்காந்த எடத்துல வேலை."

"ஹெல்பர்."

"அதுல என்ன? பத்துப் பேரு முன்னாடி நின்னு பேசணும்க்கா அங்க. உன் குரல் உனக்கே தெரியும். தப்பா நெனைக்காத, கேக்கறவனுக்கு உன் குரல் ஒத்துவராது. வீடியோவை நாப்பதாயிரம் பேரு பாக்கறாங்கன்னா அது என் குரலுக்கு. உன்னோட போட்டா எத்தனை பேரு? எரநூறு. நானே கண்ணால பாத்தேன்."

அக்கா வேற ஒண்ணு கேட்டாங்க. "எப்பலேர்ந்துடா?"

"என்ன எப்பலேர்ந்து?"

"என் குரலை எடுத்துடலாம்னு எப்பலேர்ந்து?"

டைரக்டர் கீழ பாத்தாரு. "மூணாவது நாலாவது வீடியோவுலேர்ந்து இருக்கும். சும்மா ஒண்ணு போட்டுப் பாத்தேன். நல்லா போச்சு."

"கையுறை மொத நாளே வாங்கிட்டு வந்த."

அவரு பைக் சாவியைக் கையில சுத்திக்கிட்டே வெளிய போயிட்டாரு. போகும்போது என்னைத் தாண்டித்தான் போகணும். "நீதான் இவளுக்கு லேப்டாப் குடுத்தியா"ன்னாரு. பதிலுக்குக் காத்திருக்கல.

புதன்கிழமை அக்கா மட்டும்தான் போனாங்க. டைரக்டர் வரல. அவரு சேனல்ல அன்னைக்கும் ஒரு வீடியோ வந்துச்சு, பழைய துண்டுங்கள வச்சுப் புதுசா வெட்டினது. பயிற்சி நிலையத்துல அலுவலர் மெஷின்ல வேணும்னே மூணு எடத்துல கோளாறு பண்ணி வச்சிருந்தாராம். அக்கா ட்ரம்மைச் சுத்திவிட்டுட்டு, "மூணு. அதுல ஒண்ணு நீங்க பண்ணினது இல்ல, முன்னாடியே இருக்கு"ன்னாங்களாம். வேலை அக்காவுக்குத்தான்.

கடையை வாரத்துல மூணு நாள் தொறக்கறாங்க இப்ப, மத்த நாள் வகுப்பு. மொத நாள் வகுப்பு முடிஞ்சு வந்தப்ப நான் வாசல்லயே காத்துக்கிட்டு இருந்தேன், எப்படி இருந்துச்சுன்னு கேக்க. நல்லா இருந்துச்சுன்னாங்க. பதினெட்டுப் பேரு, அதுல ஆறு பொண்ணுங்க, எல்லாம் சூட்டிகை. கரகரக் குரலைப் பத்தி ஒருத்தரும் ஒண்ணும் சொல்லலயாம்.

"அப்புறம் ஏன்க்கா மொகம் இப்படி இருக்கு?"

செருப்பைக் கழட்டிக்கிட்டே சொன்னாங்க. முன் வரிசையில ஒரு பொண்ணு, ரொம்ப ஆர்வமான பொண்ணாம், அக்கா வடிகுழாயைக் கழட்டினதைக் கண்ணெடுக்காம பாத்துட்டு எழுந்து நின்னிருக்கு. "மேடம், ஒரு அண்ணன் வீடியோ போடுவாரு. அதைப் பாத்துதான் நான் இங்க சேந்தேன். நீங்க அப்படியே அவரு மாதிரியே பண்றீங்க மேடம். கைய வைக்கிற எடம் கூட. அவர்கிட்டதான் கத்துக்கிட்டீங்களா?"

"நீங்க என்ன சொன்னீங்க?"

"அது பாவம்டி, ஆசையா கேக்குது. அதுகிட்ட போய் என்ன சொல்றது? எங்க தம்பிதான்னேன். உடனே எல்லாரும் கை தட்டினாங்க."